மெதுவாக அழுதால்தான் துக்கமா?

காதலி விட்டுப் போய்விட்டாள், அவன் குடித்துக்கொண்டிருக்கிறான், பாட்டு மட்டும் துள்ளுகிறது. அமெரிக்க கன்ட்ரி இசையில் பல தலைமுறைகளாக இந்த வகைப் பாட்டு ஓய்ந்ததே இல்லை. அதன் மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டும் ஓய்ந்ததில்லை. அந்தக் குற்றச்சாட்டை, அதைச் சொல்கிறவர்களே ஒப்புக்கொள்ளும் விதமாக முதலில் எடுத்து வைத்துவிடுகிறேன். பிரிவு ஒரு மனிதனை முடக்கிப்போடுகிற காரியம். அதைப் பாடுகிறவன் தயங்கித்தான் பாட முடியும். இழுத்து, நிறுத்தி, மூச்சு வாங்கித்தான் பாட முடியும். அந்தத் துக்கத்தைத் தூக்கி ஆட்டத் தாளத்தின் மேல் வைத்த மாத்திரத்தில் இரண்டு கேடுகள் நேர்ந்துவிடுகின்றன. துக்கம் வேடிக்கையாகிறது, குடி கொண்டாட்டமாகிறது. கேட்டுவிட்டு எழுந்து போகிறவன் மனத்தில் பிரிவின் வலி தங்குவதில்லை, கையில் இருக்கும் கோப்பைதான் தங்குகிறது. ஆகவே வேகப் பாட்டு பொய்யானது, ஆபத்தானதும்கூட. மெதுநடைப் பாட்டே உண்மையானது.

இதைச் சொல்கிறவர்கள் முட்டாள்கள் அல்லர். 2020, 2021 ஆண்டுகளில் அளவுமீறிய குடியால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,78,000 பேர் இறந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணித்திருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் குடிப் பாட்டைக் கேட்டு முகம் சுளிப்பவரைப் பார்த்துச் சிரித்துவிட முடியாது. இசையுலகமும் அவர்கள் பக்கம்தான் தலையாட்டுகிறது. வேகப் பாட்டுக்குக் கைதட்டல் கிடைக்கும், மரியாதை மெதுப்பாட்டுக்குத்தான். இருந்தும் அந்தத் தீர்ப்பு தலைகீழானது என்பதே என் வாதம். குடியைப் பற்றி உண்மை பேசுவதில் வேகப் பாட்டே முன்னால் நிற்கிறது. துள்ளல் இருந்தும் அப்படியா என்றால், பெரும்பாலும் அந்தத் துள்ளலால்தான்.

1. துக்கத்துக்கென்று ஒரு வேகத்தை யார் விதித்தது? இந்தப் பாட்டுகள் எங்கே பிறந்தன என்று பார்த்தால் அவற்றின் தாளம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். 1920 முதல் நாடு முழுவதும் நடப்பிலிருந்த மதுவிலக்கு 1933-இல் நீங்கியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் கிழக்கு டெக்சாஸில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கையில் கூலிப் பணத்தோடு திரிந்த தொழிலாளர்களை நம்பி, ஊர் எல்லையிலும் சாலையோரங்களிலும் மலிவான மதுக்கூடங்கள் முளைத்தன. ஹாங்கி டாங்க் என்று அவற்றுக்குப் பெயர். அந்த வட்டாரத்தில் அப்படியொரு மதுக்கூடத்தை நடத்திய அல் டெக்ஸ்டர், 1936-இல் அந்தப் பெயரையே தலைப்பில் வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அதுவரை வீட்டுத் திண்ணையிலும் தேவாலயத்திலும் வானொலி நிலையத்திலும் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிரே இப்போது காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸும், குவளைகளின் இரைச்சலும், ஆடுவதற்காகவே வந்த ஜோடிகளும் இருந்தார்கள். எர்னஸ்ட் டப்பின் இசைத்தட்டுகள் அந்த இரைச்சலில் காதில் விழுவதில்லை என்று ஜூக்பாக்ஸ்காரர்கள் முறையிட்டார்களாம்; அதனால்தான் 1941-இல் 'வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ' பாட்டில் அவர் மின்கிட்டாரைச் சேர்த்தார் என்பது கன்ட்ரி இசை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. விட்டுப் போனவளை நினைத்துத் தூக்கமில்லாமல் அறைக்குள் நடந்துகொண்டேயிருப்பவனின் பாட்டு அது. அதன் நடையோ நல்ல சுறுசுறுப்பு. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1956-இல், ரால்ஃப் மூனியும் சக் சீல்ஸும் எழுதிய 'கிரேஸி ஆர்ம்ஸ்' பாட்டை ரே பிரைஸ் பாடினார். பில்போர்ட் இதழின் கன்ட்ரிப் பட்டியலில் அது 20 வாரம் முதலிடத்தில் இருந்தது. கைவிட்டுப் போனவளுக்காக ஏங்குகிற பாட்டு. கீழே பாஸ் ஒவ்வோர் அடிக்கும் கால் வைத்து நடந்து போகிறது. மேலே ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் இழுத்து அழுகின்றன. ஷஃபிள் என்று சொல்லப்படும் அந்த நடையை அதற்குப் பின் வந்தவர்கள் எத்தனையோ பிரிவுப் பாட்டுகளில் எடுத்தாண்டார்கள்.

ஆகத் தாளம் என்பது பாடுகிறவனின் மனநிலையை அறிவிக்கும் பலகை என்று வைத்துக்கொள்வதுதான் எதிர்த்தரப்பின் அடிப்படைப் பிழை. இந்தப் பாட்டுகளில் தாளம் கூடத்துக்குச் சொந்தம், சொற்கள் அவனுக்குச் சொந்தம். அவன் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறான்; அவனுக்காக அந்தக் கூடம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து மேசையில் சிரிக்கிறார்கள், நடுக்கூடத்தில் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள், மதுவூற்றுகிறவருக்கு அடுத்த ஆளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. துக்கப்படுகிறவனுக்கு நிஜத்தில் நேர்வது இதுதானே? அவன் ஒருவனுக்கு மட்டும் நின்றுபோன உலகம் மற்ற எல்லோருக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. மெதுப்பாட்டு இந்த முரணை அழித்துவிடுகிறது. வயலின்களைக் கூட்டி வைத்து உலகமே அவனோடு சேர்ந்து அழுவதாகக் காட்டுகிறது. ஆறுதலாக இருக்கலாம், ஆனால் எது பொய் என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். சாவு வீட்டில் பறை முழங்க ஆடிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

2. குடியை விற்கிறது என்கிறீர்களே, எந்தப் பாட்டு? பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டும். இந்த வகைக்கு முன்மாதிரியாக நிற்கும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம்: 1966-இல் வந்த மெர்ல் ஹாகர்டின் 'த பாட்டில் லெட் மீ டவுன்'. 1930-களில் ஓக்லஹோமாவிலிருந்து பிழைப்புத் தேடி கலிபோர்னியாவுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ஹாகர்ட். சான் குவென்டின் சிறையிலிருந்து 1960-இல் பரோலில் வெளிவந்தவர். எண்ணெய் வயலிலும் பருத்திக் காட்டிலும் உழைத்தவர்கள் மாலையில் ஆட வந்த பேக்கர்ஸ்ஃபீல்டு மதுக்கூடங்கள்தாம் அவருக்குப் பள்ளிக்கூடம். அங்கே பாட்டு ஓங்கி ஒலிக்க வேண்டும், காலுக்கு இசைவாக இருக்க வேண்டும். இந்தப் பாட்டும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சொல்கிற செய்தி? ஒவ்வொரு இரவும் அவளை மறப்பதற்காக அவன் புட்டியை நம்பியிருந்தான். இன்றிரவு அதுவும் கைவிட்டுவிட்டது. எவ்வளவு குடித்தும் அவள் நினைவு போகவில்லை. பாட்டு முழுவதும் இவ்வளவுதான். ஒரு பொருள் தன் வேலையைச் செய்யவில்லை என்று அதன் நெடுநாள் வாடிக்கையாளனே மேடையேறி அறிவிக்கிறான். இதை விளம்பரம் என்று சொல்கிறவர், எந்த மது நிறுவனம் இப்படியொரு விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கும் என்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டு கன்ட்ரிப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போன பாட்டு இது. கூடத்தில் ஆடியவர்கள் அத்தனை பேரும் குடியின் தோல்வியைத்தான் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, டெல்பர்ட் மெக்ளின்டன் எழுதி எம்மிலூ ஹாரிஸ் 1978-இல் முதலிடத்துக்குக் கொண்டுபோன 'டூ மோர் பாட்டில்ஸ் ஆஃப் வைன்'. கேட்டதும் கால் தாளம் போடுகிற பாட்டு. காதலனோடு மேற்குக் கரைக்கு வந்தவள்; அவன் போய்விட்டான்; சொந்த ஊர் ஆயிரத்துச் சொச்சம் மைல் தள்ளி; லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கிடங்கைக் கூட்டிப் பெருக்கும் வேலை. நள்ளிரவு ஆகிவிட்டது, இன்னும் இரண்டு புட்டி வைன் மிச்சமிருக்கிறது, பரவாயில்லை என்கிறாள். அந்தப் பரவாயில்லையை நம்பிவிடுகிறவர்தான் இதைக் கொண்டாட்டப் பாட்டு என்பார். கொஞ்சம் கவனித்துக் கேட்டால், தன்னிடம் மிச்சமிருப்பதை எண்ணிப் பார்க்கிற ஒருத்தியின் குரல் கேட்கும். ஊர் இல்லை, ஆள் இல்லை, கௌரவமான வேலை இல்லை. எண்ணிக்கை இரண்டில் முடிந்துவிடுகிறது. நாளைக் காலை துடைப்பம் எடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கை மெதுவாகப் பாடியிருந்தால் கழிவிரக்கம் ஆகியிருக்கும். வேகமாகப் பாடும்போது அது வீறாப்பாகிறது. வீறாப்பின் அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கேட்பவரே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

கடினமான சாட்சியையும் மறைக்கப்போவதில்லை. 1980-இல் ஹாகர்டே பாடிய 'ஐ திங்க் ஐல் ஜஸ்ட் ஸ்டே ஹியர் அண்ட் டிரிங்க்' பாட்டில் புட்டி தோற்பதில்லை. நீ என்ன சொன்னாலும் எனக்கு வலிக்காது, நான் இங்கேயே உட்கார்ந்து குடிக்கப்போகிறேன் என்பதுதான் அதன் சாரம். வருத்தமும் இல்லை, திருந்துவதும் இல்லை. சில வரிகளிலேயே அவனுக்குச் சொல்ல வேண்டியது தீர்ந்துவிடுகிறது. பிறகு சாக்ஸஃபோனும் கிட்டாரும் பியானோவும் நெடுநேரம் எடுத்துக்கொள்கின்றன. வலிக்கவில்லை என்று ஒருவன் எத்தனை முறை சொல்கிறானோ அத்தனை முறை வலிக்கிறது என்பதை அறியாத கேட்பவர் யார்? பிடிவாதத்தை உள்ளபடி காட்டுவதும் கலையின் வேலைதான். அதைப் பரிந்துரை என்று எடுத்துக்கொண்டால் கொலைக் கதை எழுதியவரையெல்லாம் சிறையில் போட வேண்டியிருக்கும்.

3. குடியை அழகாக்குவது எது? எதிர்த்தரப்பு தன் கட்சிக்குச் சாட்சியாக அழைக்கும் மெதுப்பாட்டையே அழைப்போம். பில் ஆண்டர்சனும் ஜான் ராண்டலும் எழுதி, பிராட் பெய்ஸ்லியும் அலிசன் கிராஸும் 2004-இல் பாடிய 'விஸ்கி லல்லபை', மறுவருடம் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டுச் சிறந்த பாடல் விருதைப் பெற்றது. பிரிவுக்குப் பின் ஒருவன் குடித்தே சாகிறான். குற்றவுணர்வில் அவளும் பின்னாளில் அப்படியே சாகிறாள். மிக அழகான பாட்டு, மறுக்கவில்லை. அந்த அழகுதான் என் ஆட்சேபமே. இருவரும் ஒரே மரத்தடியில் அடக்கமாகிறார்கள், வானவர் பாடுகிறார்கள், குரல்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து தாலாட்டாகின்றன. குடித்துச் சாவது இங்கே காதலின் நிறைவேற்றமாக, ஏறக்குறைய ஒரு திருமணமாக மாறிவிடுகிறது. குடியால் சாகிறவனின் கடைசி மாதங்களில் வாந்தி உண்டு, மஞ்சள் பூத்த கண் உண்டு, வேலையிலிருந்து துரத்தப்படுவது உண்டு, வீட்டாரின் அலுப்பு உண்டு. அதில் ஒன்றுகூட இந்தப் பாட்டில் இல்லை. ஹாகர்டின் ஆள் உயிரோடிருக்கிறான், மறக்க முடியாமல் தவிக்கிறான், நாளைக்கும் அதே நாற்காலிக்கு வருவான். இந்த இரண்டில் எதைக் கேட்டு ஒரு மனமுடைந்த இளைஞன் குடியில் ஒரு மேன்மையைக் காண்பான் என்று எதிர்த்தரப்பு நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். மெதுவாக இருப்பதாலேயே ஒரு பாட்டுக்கு ஒழுக்கச் சான்றிதழ் கொடுத்துவிடுகிற பழக்கத்தின் விளைவு இது. கண்ணீர் வந்தால் போதும், என்ன சொல்லி அழவைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

4. ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பார்கள். கேட்கட்டும், அவர்களுக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. மதுக்கூடங்களில் ஒலிக்கும் கன்ட்ரிப் பாட்டின் வேகத்துக்கும் குடிக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைப் பால் பாக், ஜேம்ஸ் ஷேஃபர் என்ற இருவர் நேரில் உட்கார்ந்து கவனித்து, 1979-இல் மது ஆய்வுக்கான ஓர் இதழில் வெளியிட்டார்கள். பாட்டு மெதுவாக மெதுவாக, மக்கள் வேகமாகக் குடித்தார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. மனிதவியலாளரான ஷேஃபர், கழிவிரக்கம் வழியும் மெதுப்பாட்டுகளைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்து வந்தார். காரணம் விளங்காத ஒன்றல்ல. வேகப் பாட்டு வந்தால் ஆட எழுந்திருக்க வேண்டும். ஆடுகிறவன் கையில் கோப்பை இருக்காது. மெதுப்பாட்டு தனியாக வந்தவனை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுகிறது. அவன் கைக்கு வேறென்ன வேலை?

இதோடு நான் வென்றுவிட்டதாக மார்தட்டப் போவதில்லை, ஏனென்றால் எதிர்ச் சாட்சியும் இருக்கிறது. 1992-இல் வந்த ஓர் ஆய்வில், வேகமான இசை கேட்ட மாணவர்கள் வேகமாகக் குடித்தார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்தது குளிர்பானம், இடம் ஆய்வறை, ஆட எழுந்துபோக வழியில்லை. பிரான்சில் நிக்கோலா கெகென் குழுவினர் இரண்டு மதுக்கூடங்களில் செய்து 2008-இல் வெளியிட்ட சோதனை இன்னும் முக்கியமானது. 40 ஆண்களை அவர்கள் அறியாமல் கவனித்தார்கள். ஒலியளவை 72 டெசிபலிலிருந்து 88-க்கு ஏற்றியபோது அவர்கள் அதிகமாகவும், ஒவ்வொரு குவளையையும் சீக்கிரமாகவும் குடித்து முடித்தார்கள். ஒலிப்பெருக்கியின் குமிழ் பாடகன் கையில் இருப்பதில்லை, கடைக்காரர் கையில் இருக்கிறது. இந்த மூன்று ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பாட்டின் வேகம் குடிகாரனை உருவாக்குகிறது என்ற கோட்பாடு எந்தப் பக்கத்திலிருந்தும் எழுந்து நிற்க முடியாது.

எண்களைக் காட்டி மிரட்டுகிற பழக்கம் இந்த விஷயத்தில் பழையது. ஸ்டீவன் ஸ்டாக், ஜிம் கண்ட்லாக் என்ற இரு சமூகவியலாளர்கள் 1992-இல் அமெரிக்காவின் 49 பெருநகரப் பகுதிகளை ஆராய்ந்து, வானொலியில் கன்ட்ரி இசை அதிகம் ஒலிக்கும் இடங்களில் வெள்ளையர்களின் தற்கொலை விகிதம் அதிகம் என்று எழுதினார்கள். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 2004-இல் அந்த ஆய்வுக்கு இக் நோபல் என்ற நையாண்டிப் பரிசும் கிடைத்தது. அந்த முடிவை எட்வர்ட் மக்வயர், ஜெஃப்ரி ஸ்னைப்ஸ் என்ற இருவர் மீண்டும் அலசி, அந்தத் தொடர்பைத் தங்களால் காண முடியவில்லை என்று 1994-இல் மறுத்ததை அவ்வளவு பேர் படித்ததாகத் தெரியவில்லை. ஸ்டாக்கும் கண்ட்லாக்கும்கூட வேகப் பாட்டு, மெதுப்பாட்டு என்று பிரித்துப் பார்க்கவில்லை. ஒலிபரப்பு நேரத்தைத்தான் அளந்தார்கள்.

5. பாடகர்களே குடித்துச் செத்தார்களே? செத்தார்கள். ஹாங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு நாளில், 29 வயதில், காரின் பின்னிருக்கையில் இறந்துகிடந்தார். கீத் விட்லி 1989 மே மாதம் மது நச்சேறி இறந்தார். வில்லியம்ஸுக்குப் பிறவியிலேயே முதுகெலும்புக் கோளாறு இருந்தது. வலியைக் கொல்ல மார்ஃபினும் தூங்க குளோரல் ஹைட்ரேட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். ஓயாத பயணம் வேறு. விட்லியின் பெயரை நிலைநாட்டியவை பெரும்பாலும் மெதுநடைப் பாட்டுகள். அதனால் மெதுப்பாட்டு அவரைக் கொன்றது என்று நான் வாதிட்டால் எவ்வளவு அபத்தமாக இருக்குமோ, அவ்வளவு அபத்தம்தான் மறுபக்க வாதமும்.

6. இது ஆண்களின் சாக்குப்போக்கு என்ற ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் கனமானது. அவள் போனாள், அதனால் குடித்தேன். நான் குடித்ததால் அவள் போயிருக்கலாம் என்ற எண்ணமே இவர்களுக்கு வராதா என்று பெண்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. நிறைய பாட்டுகளில் வருவதில்லை. ஆனால் இந்தக் கேள்வியை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து போட வேண்டியிருக்கவில்லை. இதே இசைக்குள்ளிருந்து, இதே கூடங்களிலிருந்து அது எழுந்தது. 1952-இல் ஹாங்க் தாம்ப்சன், மதுக்கூட வெளிச்சத்தைத் தேடிப் போய்விட்டாள் என்று மனைவியைக் குறைசொல்லும் 'த வைல்டு சைடு ஆஃப் லைஃப்' பாட்டைப் பாடி 15 வாரம் முதலிடத்தில் இருந்தார். அதே ஆண்டில், அதே மெட்டை எடுத்துக்கொண்டு கிட்டி வெல்ஸ் பதில் பாடினார்: பெண்கள் வழிதவறுவதற்குக் காரணம் கடவுள் அல்ல, மணமானதை மறைத்துத் திரியும் ஆண்கள். பில்போர்டின் கன்ட்ரிப் பட்டியலில் தனியாகப் பாடி முதலிடம் பெற்ற முதல் பெண் அவர். 1966 இறுதியில் வந்த லொரெட்டா லின்னின் 'டோன்ட் கம் ஹோம் எ-டிரிங்கின்' இன்னும் நேரடி. குடித்துவிட்டு வந்து மனைவியிடம் ஆசையோடு நெருங்குகிறவனை வாசலிலேயே நிறுத்துகிற பாட்டு. தங்கை பெக்கி சூவோடு சேர்ந்து எழுதியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அது முதலிடத்துக்குப் போனது. லின்னின் முதல் முதலிடப் பாட்டு அதுதான். அதன் நடை என்ன? துள்ளல். அந்தப் பாட்டை மெதுவாகப் பாடியிருந்தால் அவள் கெஞ்சுவது போல் இருந்திருக்கும். வேகம்தான் அதைக் கட்டளையாக்குகிறது. வேகத்தைப் பறித்துக்கொண்டால் ஆணின் சாக்கு மட்டும் போகாது. பெண்ணின் பதிலும் சேர்ந்தே போய்விடும்.

உண்மையான அநீதி வேறிடத்தில் இருக்கிறது. 2015-இல் ஒரு வானொலி ஆலோசகர், கன்ட்ரி நிலையங்கள் பெண்களின் பாட்டுகளைக் குறைத்துப் போட வேண்டும் என்று சொல்லி, ஆண் பாடகர்களைச் சாலடின் கீரைக்கும் பெண்களை இடையிடையே தூவும் தக்காளிக்கும் ஒப்பிட்டுப் பெரிய கண்டனத்துக்கு ஆளானார். ஒருபக்கப் புலம்பலை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிபரப்பி, பதில் பாட்டைத் தூவலாக்கினால் கேட்பவர் காதில் சாக்கு மட்டும்தான் விழும். அந்தக் குற்றத்தைத் தாளத்தின் மேல் சுமத்தி, நிலையத்துக்காரரை ஏன் தப்பவிட வேண்டும்?

7. வியாபாரம் இல்லையா? இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. எதிர்த்தரப்பு இதில் தொடங்கியிருந்தால் நான் இவ்வளவு பேச வேண்டியிருந்திருக்காது. கார்த் புரூக்ஸின் 'ஃப்ரெண்ட்ஸ் இன் லோ பிளேசஸ்' 1990-இல் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. பழைய காதலியின் கனவான்கள் கூடிய விருந்துக்குப் பூட்ஸ் காலோடு நுழைந்து, ஒரு கோப்பையை உயர்த்தி அவமானத்தை விழுங்கிவிட்டு, தன் தரத்து நண்பர்களிடம் திரும்பிப் போகிறவன் கதை. தாழ்ந்த குரலில் ஒருவனாகத் தொடங்குகிற பாட்டு, கடைசிப் பல்லவியில் ஒரு கூட்டமே கத்திப் பாடுவதில் போய் முடிகிறது. விஸ்கியும் பீரும் அதில் வருகின்றன. ஆனால் அவனைத் தாங்குவது வர்க்கம், கூட்டாளிகள். அந்த அளவில் அது நல்ல பாட்டு. இன்று நாஷ்வில் நகரின் பிராட்வே தெருவில் அதே பெயரில் பல மாடி மதுக்கூடம் ஒன்று இருக்கிறது, புரூக்ஸுடையது. அதே தெருவில் அலன் ஜாக்சன், ஜேசன் ஆல்டீன் என்று பாடகர் பெயர் தாங்கிய கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. பாட்டில் வந்த கூடம் விலாசமும் விலைப்பட்டியலும் உள்ள கடையாகிவிட்ட பிறகு, அதைப் பாடுவது வெறும் பாடுவதாக இருக்க முடியாது. கடை வைத்திருக்கிறவர் குடிப் பாட்டுப் பாடினால் சந்தேகத்தோடு கேட்கிற உரிமை எல்லோருக்கும் உண்டு. அவர் அதை எந்த வேகத்தில் பாடினாலும் அந்தச் சந்தேகம் நிற்கும்.

பிழையான வேகப் பாட்டுகளும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க மெட்ரோனோம் உதவாது. பாட்டில் குடி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். 2019-இல் லூக் கோம்ப்ஸ் பாடிய 'பீர் நெவர் புரோக் மை ஹார்ட்' எதிர்த்தரப்பின் கைக்கு வாகான சாட்சி. தூண்டிலை அறுத்துக்கொண்டு போன மீனிலிருந்து விட்டுப் போன பெண்கள் வரை தன்னை ஏமாற்றியவற்றையெல்லாம் அடுக்கி, பீர் மட்டும் ஒருபோதும் ஏமாற்றவில்லை என்று முடிக்கிறான் அவன். நகைச்சுவைப் பட்டியல்தான், ஆள் தன்னையே கேலி செய்துகொள்கிறான் என்று ஓரளவு வாதாடலாம். நான் வாதாடப் போவதில்லை. பெண்ணையும் மீனையும் ஒரே பட்டியலில் போட்டதோடு, 53 ஆண்டுகள் முன்பு ஹாகர்ட் அவிழ்த்துக் காட்டிய பொய்யையும் அது திரும்ப முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறது: புட்டி கைவிடாது என்ற பொய். வானொலிப் பட்டியலில் அதுவும் முதலிடத்துக்குப் போனது. இந்த ஒரு சாட்சியை எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் இரண்டுமே வேகப் பாட்டுகள்தான். ஒன்று பொய், ஒன்று உண்மை என்றால் வேறுபாட்டை வேகத்தில் தேடிப் பயனில்லை. கோம்ப்ஸின் பாட்டுக்கு எழுதிய தீர்ப்பை ஹாகர்டின் கழுத்தில் மாட்டுகிறவர்கள், அவர் பாட்டின் இரண்டாவது வரிக்குள் போகுமுன்பே ஆட எழுந்துவிட்டவர்கள்.